கோப்பில் இல்லாத கொலைகாரன்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் திருத்திய அச்சு வடிவம். மேடையில் சொன்ன சில கிளைப்பேச்சுகள் நீக்கப்பட்டுள்ளன.)



இன்று பேச எடுத்துக்கொண்டிருப்பது பெரும்பாலும் ரயில் நிலையத்திலும் விமான நிலையத்திலும் விற்கும் ஒரு நாவல் வகை. அரசுக்காகக் கொலை செய்து பழகிய ஒருவன் அந்த வேலையிலிருந்து விலகுகிறான், அல்லது விலக்கப்படுகிறான். பிறகு அதே அரசு அவனைத் துரத்துகிறது. கதை இவ்வளவுதான். ராபர்ட் லட்லம் 1980இல் வெளியிட்ட 'தி பார்ன் ஐடென்டிடி' இந்த வகையில் அதிகம் படிக்கப்பட்டது, அதிகம் பின்பற்றப்பட்டதும் கூட. அதை நடுவில் வைத்துக்கொண்டு ஒரே ஒரு கருத்தை முன்வைக்க விரும்புகிறேன். இந்த நாவல்கள் கொலையைப் பற்றியவை என்று பொதுவாக நினைக்கிறோம். அவை பதிவைப் பற்றியவை என்பது என் வாதம். எழுத்தில் இடாத உத்தரவு ஒன்று நிறைவேறிவிட்டால், அதற்குச் சான்றாக மிஞ்சுவது நிறைவேற்றியவனின் நினைவு மட்டும்தான். முன்னாள் கொலையாளி இந்தக் கதைகளில் வீரன் என்பதைவிட ஓர் ஆவணம். அந்த ஆவணத்தை அழிக்க ஒரு தரப்பு முயல்கிறது, படித்துப் பார்க்க இன்னொரு தரப்பு முயல்கிறது. துப்பாக்கிச் சண்டைகள் எல்லாம் இந்த இழுபறியின் மேற்பூச்சு.

1

முதலில் இந்த வகைக்கு மண் தந்த வரலாறு. 1975 ஜனவரியில் அமெரிக்க செனட், உளவு அமைப்புகளின் நடவடிக்கைகளை ஆராய ஒரு குழுவை அமைத்தது. ஐடஹோ மாநில செனட்டர் ஃபிராங்க் சர்ச் அதன் தலைவர். அந்தக் குழு அதே ஆண்டு நவம்பரில், வெளிநாட்டுத் தலைவர்களைக் கொல்லத் தீட்டிய சதிகளைப் பற்றி மட்டும் தனியாக ஓர் இடைக்கால அறிக்கை வெளியிட்டது. கியூபாவின் ஃபிடல் காஸ்ட்ரோ, காங்கோவின் பாத்ரிஸ் லுமும்பா, டொமினிகன் குடியரசின் ட்ருஹியோ, தென் வியட்நாமின் டியெம், சிலியின் தளபதி ஷ்னைடர் ஆகிய ஐவர் அதில் இடம்பெற்றனர். காஸ்ட்ரோவைக் கொல்ல மட்டும் 1960 முதல் 1965 வரை சிஐஏ சம்பந்தப்பட்ட குறைந்தது எட்டுத் திட்டங்களுக்குச் சான்று கிடைத்ததாகக் குழு சொன்னது. கென்னடி சுடப்பட்ட அதே 1963 நவம்பர் 22ஆம் நாள், பாரிஸில் ஒரு சிஐஏ அதிகாரி, காஸ்ட்ரோவுக்கு நெருக்கமாக இருந்த ஒரு கியூபாக்காரரிடம் விஷ ஊசியாக மாற்றிய பேனாவைக் கொடுத்துக்கொண்டிருந்தார். ஒரு நாவலாசிரியர் இதைக் கற்பனையாக எழுதியிருந்தால் பதிப்பாசிரியர் மிகை என்று வெட்டியிருப்பார்.

ஆனால் பரபரப்பு நாவலுக்கு உண்மையில் கரு தந்தது இந்த விஷப் பேனா அல்ல, அறிக்கை மேலே ஏற முடியாமல் நின்றுவிட்ட படி. இந்தச் சதிகளுக்குக் குடியரசுத் தலைவர்கள் ஒப்புதல் தந்தார்களா? குழுவால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. காரணம் விசாரணையின் சோம்பல் அல்ல. மேலிடத்தின் பெயர் எந்தத் தாளிலும் வராதபடி, நேரடியாக எதையும் சொல்லாமல், சுற்றிவளைத்துப் பேசியே உத்தரவுகள் கைமாறியிருந்தன. நம் அரசு அலுவலகங்களில் பழகியவர்களுக்கு வாய்மொழி உத்தரவின் சௌகரியம் தெரியும். நல்லது நடந்தால் சொன்னவர் முன்னால் வருவார், கெட்டது நடந்தால் செய்தவர் மட்டும் மிஞ்சுவார். அங்கே அது அலுவலகப் பழக்கமாக இல்லாமல் நிர்வாகக் கொள்கையாகவே இருந்தது. எழுதப்பட்டவையும் தப்பவில்லை. காஸ்ட்ரோ சதிகளைப் பற்றி 1967இல் சிஐஏ இயக்குநர் ரிச்சர்ட் ஹெல்ம்ஸ் கேட்டுக்கொண்டபடி உள் விசாரணை அறிக்கை ஒன்று தயாரானது. தயாரானதும் அதற்குப் பயன்பட்ட குறிப்புகள் அழிக்கப்பட்டன. மனித மனத்தைக் கட்டுப்படுத்தும் சோதனைகளை நடத்திய எம்கே-அல்ட்ரா திட்டத்தின் கோப்புகளை அழிக்க அதே ஹெல்ம்ஸ் 1973இல் உத்தரவிட்டார்.

காகிதம் போனால் ஆட்கள் இருக்கிறார்களே என்று கேட்கலாம். காஸ்ட்ரோவைக் கொல்ல சிஐஏ துணைக்கு அழைத்த குற்றக் கும்பல் தலைவர்களில் சாம் ஜியான்கானா, செனட் குழுவின் முன் வரவேண்டியிருந்த வேளையில், 1975 ஜூனில் தன் வீட்டிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். சாட்சியம் அளித்த ஜான் ரோசெல்லியின் உடல் 1976 ஆகஸ்டில் மயாமி அருகே கடல்நீரில் மிதந்த எண்ணெய்ப் பீப்பாய்க்குள் கிடைத்தது. இந்தக் கொலைகளைச் செய்தது யார் என்பது நிரூபிக்கப்படவில்லை. குற்றக் கும்பல்களுக்குள் அதற்கான காரணங்கள் போதுமான அளவு இருந்தன. ஆகவே அரசின் மீது பழி போட ஆதாரம் இல்லை. ஆனால் நாளிதழ் படித்துக்கொண்டிருந்த வாசகரின் மனதில் சாட்சி, உத்தரவு, பீப்பாய் மூன்றும் ஒரே கோட்டில் வந்து நின்றன. நாவல் வகைகள் நிரூபணத்திலிருந்து பிறப்பதில்லை, இப்படிப்பட்ட கோடுகளிலிருந்துதான் பிறக்கின்றன.

1976 பிப்ரவரியில் குடியரசுத் தலைவர் ஜெரால்டு ஃபோர்டு, அமெரிக்க அரசுப் பணியாளர் எவரும் அரசியல் கொலையில் ஈடுபடக்கூடாது என்று ஆணை பிறப்பித்தார். அவருக்குப் பின் வந்த கார்ட்டரும் ரீகனும் தத்தம் ஆணைகளில் அந்தத் தடையைத் தொடர்ந்தார்கள். அந்த ஆணை வந்த நாளில், குறைந்தது கற்பனையிலாவது, ஒரு பணியாளர் வர்க்கமே வேலை இழந்தது. கொலையாளி 'முன்னாள்' ஆனதற்கு இந்த ஆணை ஒரு காரணம் என்று கருதுகிறேன். 1979இல் ட்ரெவானியனின் 'ஷிபுமி', 1980இல் லட்லமின் நாவல் என்று இந்த ஓய்வுபெற்றவர்கள் வரிசையாக வரத் தொடங்குகிறார்கள்.

2

கொலையாளி ஓர் ஆவணம் என்று சொல்வது வெறும் உருவகம் அல்ல என்பதற்கு ஒரு நீதிமன்ற வழக்கைச் சான்றாகக் காட்டுகிறேன். அது அமெரிக்க வழக்கல்ல. உக்ரைனியரான போக்தான் ஸ்டாஷின்ஸ்கி சோவியத் உளவு அமைப்பான கேஜிபிக்காக மியூனிக் நகரில் இருவரைக் கொன்றார். 1957 அக்டோபரில் லெவ் ரெபெட், 1959 அக்டோபரில் ஸ்டெபான் பண்டேரா. இருவரும் நாடு கடந்து வாழ்ந்த உக்ரைனியத் தேசியவாதிகள். ஆயுதம், சயனைடு ஆவியை முகத்தில் பீய்ச்சும் ஒரு சிறு குழல். ரெபெட்டின் மரணம் மாரடைப்பு என்றே முடிவு செய்யப்பட்டது. மருத்துவர் கையெழுத்திட்டார், அடக்கம் முடிந்தது, அரசாங்கப் பதிவேட்டில் அது இயற்கை மரணம். பண்டேரா விஷயத்தில் சயனைடு தெரியவந்தது, ஆனால் விஷம் வைத்தவர் யார் என்பது தெரியவில்லை.

1961 ஆகஸ்ட் 12ஆம் நாள், பெர்லினில் சுவர் எழும்புவதற்கு முந்தைய நாள், ஸ்டாஷின்ஸ்கி தன் ஜெர்மானிய மனைவியுடன் மேற்கு பெர்லினுக்குள் நுழைந்து தானாகவே எல்லாவற்றையும் சொன்னார். அவர் சொன்னதை அதிகாரிகள் முதலில் நம்பவில்லை. மாரடைப்பில் இறந்தவரைக் கொன்றதாக ஒருவர் வந்து சொன்னால் யார்தான் நம்புவார்கள்? பயண நாள்கள், தங்கிய விடுதிகள், பொய்ப் பெயர்கள் என்று அவர் தந்த விவரங்களை ஒவ்வொன்றாகச் சரிபார்த்த பிறகுதான் நம்பினார்கள். அதாவது நான்கு ஆண்டுகளாக ரெபெட் கொலைக்கு வெளியுலகில் இருந்த ஒரே ஆவணம் கொலை செய்தவரின் தலைக்குள் இருந்தது. அவர் தெருவில் அடிபட்டு இறந்திருந்தால் ரெபெட் இன்றும் மாரடைப்பில் இறந்தவராகவே இருந்திருப்பார்.

1962 அக்டோபரில் கார்ல்ஸ்ரூஹே நகரில் மேற்கு ஜெர்மனியின் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எட்டு ஆண்டு சிறை. இரட்டைக் கொலைக்கு எட்டு ஆண்டு ஏன் என்றால், முதன்மைக் குற்றவாளிகள் மாஸ்கோவில் உத்தரவிட்டவர்கள், ஸ்டாஷின்ஸ்கி அவர்களுக்குத் துணை செய்தவர் மட்டுமே என்பது நீதிமன்றத்தின் வாதம். எழுதாத உத்தரவைத் தேடிப் பின்னோக்கிச் சென்று, உத்தரவிட்டவர் மீது பொறுப்பை ஏற்றிய அரிய தீர்ப்பு இது. இதன் நிழல் பக்கத்தைப் பிறகு சொல்கிறேன். இவருக்கு முன்பே, 1954இல், ஃபிராங்ஃபர்ட்டில் ஒருவரைக் கொலை செய்ய ஏற்பாடு செய்யும்படி அனுப்பப்பட்ட நிகோலாய் கோக்லோவ், குறிவைக்கப்பட்டவரின் கதவைத் தட்டி விஷயத்தைச் சொல்லிவிட்டார். 1957இல் அவருக்கே விஷம் வைக்கப்பட்டது. பிழைத்துக்கொண்டு அமெரிக்காவில் உளவியல் பேராசிரியரானார். பேசிய ஆவணத்தை அழிக்கும் முயற்சி நாவலாசிரியர்களின் கண்டுபிடிப்பல்ல.

3

இனி லட்லமின் நாவல். மத்தியதரைக் கடலில் குண்டு பாய்ந்து மிதக்கும் ஒருவனை மீனவர்கள் தூக்குகிறார்கள். ஒரு சிறு தீவில், குடிக்கு அடிமையான ஆங்கிலேய மருத்துவர் ஒருவர் அவனைப் பிழைக்கவைக்கிறார். அவனுக்குத் தன் பெயர்கூட நினைவில்லை. இடுப்புத் தோலுக்குள் புதைத்து வைத்திருந்த சிறு ஃபிலிம் துண்டில் ஜூரிக் வங்கி ஒன்றின் கணக்கு எண் மட்டும் இருக்கிறது. இந்தத் தொடக்கத்தை வாசகர்கள் புதிர் என்று எடுத்துக்கொள்கிறார்கள், சரிதான். அதைவிட முக்கியமானது, கதாநாயகனின் உடம்பே கோப்பாக மாற்றப்பட்டிருக்கிறது என்பது. கோப்பு இருக்கிறது, அதைப் படிக்க வேண்டியவனுக்கு மொழி மறந்துவிட்டது. அடுத்து வரும் நூற்றுக்கணக்கான பக்கங்களில் அவன் செய்வது பெரும்பாலும் வரலாற்று ஆய்வாளன் செய்யும் வேலை. வங்கிக் கையெழுத்து, விடுதிப் பதிவேடு, தன்னைக் கண்டு பயப்படும் முகங்கள், தன்னையறியாமல் கை செய்யும் காரியங்கள் என்று துண்டு துண்டான சான்றுகளிலிருந்து தான் யார் என்று ஊகிக்கிறான். எல்லாச் சான்றும் ஒரே பக்கம் காட்டுகிறது. நீ ஒரு கூலிக் கொலைகாரன், கெய்ன் என்ற பெயரில் அஞ்சப்படுபவன்.

திரைப்படத்தை மட்டும் பார்த்தவர்களுக்கு இனி வருவது வியப்பாக இருக்கும். நாவலில் அவன் கொலைகாரன் அல்ல. பார்ன் என்பது பொய்ப் பெயர், உண்மையில் அவன் டேவிட் வெப், அமெரிக்க வெளியுறவுப் பணியாளன். நோம்பென் நகரில் ஒரு விமானத் தாக்குதலில் மனைவியையும் குழந்தைகளையும் இழந்தவன். அந்த வெறியில் வியட்நாமில் மெடூசா என்ற ரகசியப் படையில் சேர்ந்து போரிட்டவன், அங்கே கொன்றும் இருக்கிறான். ஆனால் கெய்ன் என்ற கொலைகாரன் ட்ரெட்ஸ்டோன் என்ற சிறு அரசுக் குழு உண்டாக்கிய பொய். உலகின் பல மூலைகளில் யாரோ செய்த கொலைகளை அவன் கணக்கில் எழுதி, கார்லோஸ் என்ற உண்மையான பயங்கரவாதியைச் சீண்டி வெளியே இழுப்பதே திட்டம். அந்தக் குழு நியூயார்க்கில் எழுபத்தோராம் தெருவில் ஒரு வீட்டில் இயங்குகிறது. உண்மை தெரிந்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். கார்லோஸின் ஆட்கள் அந்த வீட்டுக்குள் புகுந்து அங்கிருந்தவர்களைக் கொன்றுவிட, எஞ்சிய அதிகாரிகளும் வெப் கட்சி மாறிவிட்டான் என்றே முடிவு கட்டுகிறார்கள். பழைய நண்பன் கோன்க்லினே அவனைக் கொல்லக் கிளம்புகிறான்.

இந்தக் கட்டமைப்பை நின்று கவனிக்க வேண்டும். அவன் கொலைகாரன் என்ற பதிவு எங்கும் இருக்கிறது, அது பொய். அது பொய் என்று சொல்லும் பதிவு ஒரே ஒரு வீட்டில் சில மனிதர்களின் தலைக்குள் இருந்தது, அது அழிந்துவிட்டது. ஆகவே அவன் கொலைகாரன் ஆகிறான். தன் பணியாளனைத் தானே அடையாளம் காண முடியாத அரசு ஒன்றை லட்லம் வரைகிறார். அந்த அரசின் தீமை இரக்கமின்மையால் வந்ததல்ல. எதையும் எழுதி வைக்காததன் தவிர்க்க முடியாத விளைவு அது. சர்ச் குழு ஆவணக் கிடங்குகளில் முட்டிக்கொண்ட சுவரில் இந்த நாவலின் கதாநாயகன் தன் உயிரைக் கொண்டு முட்டுகிறான்.

லட்லம் நாவலைத் தொடங்குவதே கார்லோஸைப் பற்றிய 1975ஆம் ஆண்டுச் செய்தித்தாள் செய்திகளோடு. கார்லோஸ் கற்பனைப் பாத்திரம் அல்ல. வெனிசுவேலாவைச் சேர்ந்த இலிச் ராமிரெஸ் சாஞ்செஸ் அப்போது உயிரோடு, தலைமறைவாக இருந்தார். 1994இல்தான் சூடானில் பிடிபட்டார். அவருக்கு 'ஜக்கால்' என்ற பட்டப்பெயர் வந்த கதை தனிச் சுவை. லண்டனில் அவருடைய பொருள்கள் இருந்த ஒரு வீட்டில் ஃபிரெடெரிக் ஃபோர்சித்தின் 'தி டே ஆஃப் தி ஜக்கால்' நாவலைப் பத்திரிகையாளர் ஒருவர் பார்த்தார், பெயர் ஒட்டிக்கொண்டது. அந்தப் பிரதி அவருடையதே அல்ல என்று பின்னர் தெரியவந்தது. பொய்ப் பதிவால் உருவான கொலைகாரனைப் பற்றிய நாவலில், எதிரியின் பட்டப்பெயரும் ஒரு பொய்ப் பதிவிலிருந்தே வந்திருக்கிறது. லட்லம் இதைத் திட்டமிட்டிருப்பார் என்று நான் சொல்லவில்லை.

4

காகிதங்களை அழிக்கலாம், ஆட்களை அழிக்கலாம், ஆனால் பணம் போன வழியை அழிப்பது கடினம். எம்கே-அல்ட்ரா கோப்புகள் 1973இல் அழிந்ததாகவே எல்லோரும் நம்பினார்கள். 1977இல் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் வந்த ஒரு மனுவால் ஆயிரக்கணக்கான பக்கங்கள் வெளிவந்தன. அவை நிதிக் கணக்குகள். வேறு கிடங்கில் வைத்திருந்ததால் அழிப்பவர்களின் கண்ணில் படவில்லை. ரகசியத் திட்டத்துக்கும் செலவுச் சீட்டு உண்டு.

இதை மனதில் வைத்துக்கொண்டு லட்லமின் கதாநாயகியைப் பாருங்கள். மேரி செயின்ட் ஜாக், கனடா அரசின் பொருளாதார வல்லுநர். மாநாட்டுக்காக ஜூரிக் வந்த இடத்தில் அவன் கையில் பிணைக்கைதியாகச் சிக்கி, பின்னர் துணையாகிறாள். காதலியாக மட்டும் அவளை வாசிப்பவர்கள் நாவலின் பாதியை இழக்கிறார்கள். வங்கிகளின் நடைமுறை, பணப் பரிமாற்றத்தின் தடம், எந்தக் கேள்வியை எந்த அதிகாரியிடம் எப்படிக் கேட்டால் பதில் வரும் என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும். அவன் ஆவணம் என்றால் அவள் தணிக்கையாளர். அவன் குற்றமற்றவன் என்ற முடிவுக்கு அவனுக்கு முன்பே அவள் வருவதற்குக் காதல் ஒரு காரணம், கணக்கு இன்னொரு காரணம்.

2002இல் டக் லைமன் இயக்கிய படத்தில் மேரி, கையில் காசில்லாமல் ஊர் ஊராகத் திரியும் பெண்ணாகிறாள். பதிவைப் படிக்கத் தெரிந்தவள் காரோட்டியாகிவிட்டாள் என்பதை நான் பெரிய இழப்பாகக் கருதுகிறேன். ஆனால் அதே படம் வேறொரு துணிவான காரியத்தைச் செய்தது. படத்தின் பார்ன் உண்மையிலேயே அரசுக் கொலையாளி. நாடு கடந்த ஆப்பிரிக்க அரசியல்வாதி ஒருவரைக் கொல்லச் சென்று, அருகில் குழந்தைகள் இருந்ததால் சுட முடியாமல் திரும்பியவன். லட்லம் தந்த மன்னிப்பை லைமன் திரும்பப் பெற்றுக்கொண்டார். இதன் பின்னணி சுவையானது. இயக்குநரின் தந்தை ஆர்தர் லைமன், ரீகன் அரசின் ரகசிய ஆயுத விற்பனை பற்றிய ஈரான்-கான்ட்ரா விவகாரத்தை 1987இல் விசாரித்த செனட் குழுவின் தலைமை வழக்கறிஞர். அதில் சிக்கிய அதிகாரி ஆலிவர் நார்த்தும் அவருடைய செயலாளரும் ஆவணங்களை இயந்திரத்தில் போட்டுக் கிழித்த கதை அந்த விசாரணையில்தான் நாட்டுக்கே தெரிந்தது. படத்தில் வரும் கோன்க்லினுக்கு நார்த்தை மாதிரியாகக் கொண்டதாக இயக்குநர் சொல்லியிருக்கிறார். ஐந்து ஆண்டு கழித்து வந்த மூன்றாவது படத்தில், பார்ன் கொண்டுவரும் ரகசியக் கோப்பை ஓர் அதிகாரி ஃபேக்ஸில் அனுப்பிக்கொண்டிருக்கும் காட்சிதான் உச்சக்கட்டம். உலகெங்கும் கோடிக்கணக்கானோர் ஒரு ஃபேக்ஸ் இயந்திரம் ஓடி முடியும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள் என்றால், அவர்கள் எதற்காக உட்கார்ந்திருந்தார்கள் என்று நாம் கேட்கத்தானே வேண்டும்?

5

இந்த வாதத்துக்கு மூன்று மறுப்புகள் வரக்கூடும். முதல் மறுப்பு: துரத்தல் கதைக்கு ஏதோ ஒரு சாக்கு வேண்டும், அது வைரமாக இருந்தாலும் கோப்பாக இருந்தாலும் ஒன்றுதான், நீங்கள் அதற்கு அதிகப் பொருள் ஏற்றுகிறீர்கள் என்பது. சாக்கு எதுவாகவும் இருக்கலாம் என்றால் அது ஏன் திரும்பத் திரும்ப ஒன்றாகவே இருக்கிறது? ஃபோர்சித்தின் ஜக்கால் நாவலை ஒப்பிட்டுப் பாருங்கள். அதிலும் கொலையாளி, அதிலும் பெரும் துரத்தல். ஆனால் அவன் அரசுக்கு வேலை செய்பவனல்ல, ஒரு தலைமறைவு இயக்கத்தின் கூலியாள். அவனைத் துரத்துவது கொலையைத் தடுக்க. இறந்த பின் அவன் உண்மையில் யார் என்பது தெரியாமலே போகிறது. அதனால் எந்த அரசுக்கும் நிம்மதியோ கலக்கமோ இல்லை, மறைக்க வேண்டிய உத்தரவு எதுவும் அவனிடம் இல்லையே. அரசுக் கொலையாளியிடம் வரும்போது மட்டும் துரத்தலின் நோக்கம் தடுப்பதிலிருந்து வாயடைப்பதற்கு மாறுகிறது. இன்னொரு சான்று, மார்க் கிரீனியின் 'தி கிரே மேன்'. 2009இல் வந்த நாவலில் முன்னாள் சிஐஏ கொலையாளி துரத்தப்படுவது பழிக்காகவும் ஒரு நிறுவனத்தின் எரிவாயு ஒப்பந்தத்துக்காகவும். 2022இல் படமாக வந்தபோது, ஓர் அதிகாரியின் குற்றங்கள் பதிந்த ஒரு தகவல் சேமிப்புக் கருவி கதைக்குள் புதிதாக நுழைக்கப்பட்டிருந்தது. நாவலில் இல்லாத பதிவைத் திரைக்கதை தானாகத் தேடிக்கொண்டது.

இரண்டாவது மறுப்பு கனமானது. இந்தக் கதைகள் கொலையாளியை நேசிக்கக் கற்றுத்தருகின்றன, கொல்லப்பட்டவர்களுக்குப் பெயர்கூடத் தருவதில்லை, கடைசியில் ஓரிரு கெட்ட அதிகாரிகளைத் தண்டித்துவிட்டு அமைப்பைக் காப்பாற்றுகின்றன. இதில் பெரும்பகுதியை ஒப்புக்கொள்கிறேன். லட்லமின் நாவலில் ட்ரெட்ஸ்டோன் எந்த வெளிநாட்டுத் தலைவரையும் கொல்வதில்லை. லுமும்பாவுக்கு விஷம் அனுப்பிய அரசு, சர்ச் குழுவின் அறிக்கை வந்த ஐந்தே ஆண்டில், பொய்க் கொலைகாரனை மட்டும் உருவாக்கும் அரசாகக் கதையில் சுத்தமாகிவிட்டது. உத்தரவிட்டது யார் என்ற கேள்வியை இந்த வகை எழுப்புகிறது, ஆனால் பெரும்பாலும் ஒரு படி கீழேயே நின்றுவிடுகிறது. கிரெக் ஹர்விட்ஸின் ஆர்ஃபன் எக்ஸ் வரிசையில் 2019இல் வந்த 'அவுட் ஆஃப் தி டார்க்' விதிவிலக்கு. அதில் பழைய பணியொன்றின் தடயத்தை அழிக்க முன்னாள் கொலையாளிகளைத் தீர்த்துக்கட்டுபவர் குடியரசுத் தலைவரே. மேல்படிக்குப் போனதற்குப் பாராட்டலாம், ஆனால் அவரை முழு வில்லனாக்கியதில் அமைப்பு மறுபடி தப்பித்துக்கொள்கிறது.

ஆயினும் கொலையாளியின் மனச்சாட்சியை நடுவில் வைப்பது தவறு என்று மட்டும் நான் ஏற்கமாட்டேன். இங்கேதான் ஸ்டாஷின்ஸ்கி தீர்ப்பின் நிழல் பக்கம். பொறுப்பு முழுவதும் உத்தரவிட்டவருடையது, கை துணைக்கருவி மட்டுமே என்ற தர்க்கம் கேஜிபிக்கு எதிராகக் கேட்க நன்றாக இருந்தது. ஆனால் அதே மேற்கு ஜெர்மனியில் நாஜிக் கொலைகளில் ஈடுபட்டவர்கள் நீதிமன்றத்துக்கு வந்தபோது, ஹிட்லரும் ஹிம்லரும்தான் குற்றவாளிகள், நாங்கள் உதவியாளர்கள் என்ற வாதத்துக்கு அந்தத் தர்க்கம் பயன்பட்டது. பலர் குறைந்த தண்டனையோடு போனார்கள். தன் கையால் குற்றம் செய்தவர் குற்றவாளியே என்பதை 1975இல் நடைமுறைக்கு வந்த திருத்தச் சட்டம் எழுதி வைத்தது. நீதிமன்றம் மேலே பார்த்தால் கையை விட்டுவிடுகிறது, கையைப் பார்த்தால் மேலிடத்தை விட்டுவிடுகிறது. இந்த நாவல்கள், தம் எல்லாக் குறைகளோடும், இரண்டு கேள்விகளையும் ஒரே ஆளின் உடம்பில் கட்டி ஓடவிடுகின்றன. உன்னை அனுப்பியது யார், நீ ஏன் போனாய் என்ற இரண்டும் பார்னுக்கு ஒரே நாளில் வந்து சேர்கின்றன.

மூன்றாவது மறுப்பு வரலாற்றிலிருந்து வருகிறது. ட்ராட்ஸ்கியை 1940இல் மெக்சிகோவில் கொன்ற ரமோன் மெர்காடரை, அவரை ஏவிய சோவியத் அரசு துரத்தவில்லை. 20 ஆண்டு சிறைக்குப் பின் 1960இல் விடுதலையானவருக்கு சோவியத் வீரர் பட்டமே கிடைத்தது. என் வாதம் இங்கே உடைகிறதா? மெர்காடர் அந்த 20 ஆண்டுகளும் தன் உண்மைப் பெயரைச் சொல்லவில்லை. பொய்ப் பெயரிலேயே சிறையில் இருந்தார். அவர் ஸ்பானியர் என்பதைக்கூட அவர் நாட்டுக் காவல்துறையின் பழைய கைரேகைப் பதிவுதான் காட்டிக்கொடுத்தது. பேசாத ஆவணத்தை அழிக்கத் தேவையில்லை, பட்டம் கொடுத்து அலமாரியில் பூட்டினால் போதும். 1978இல் ஹவானாவில் இறந்தவரை மாஸ்கோவில் லோபெஸ் என்ற வேறு பெயரில்தான் புதைத்தார்கள். கியூப எழுத்தாளர் லியோனார்டோ பதூரா 2009இல் எழுதிய நாவலில் அந்த முதிய லோபெஸ், கடற்கரையில் இரண்டு ரஷ்ய வேட்டை நாய்களோடு உலாவிக்கொண்டு, அறிமுகமில்லாத ஓர் எழுத்தாளனிடம் தன் கதையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்கிறார். கேட்டவன் அதை எழுதப் பயந்து ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போடுகிறான். இது பரபரப்பு நாவல் அல்ல, துரத்தல் இல்லை. ஆனால் லட்லம் கையாண்ட பொருளின் மறுபக்கம் இது. ஆவணம் தானே வந்து பேசுகிறது, எழுதிக்கொள்ள ஆளுக்குத் துணிவில்லை.

6

கடைசியாக, இந்த வகையின் இன்றைய நிலை. நாவல்கள் குறையவில்லை. ஆனால் அவற்றுக்கு மண் தந்த நிலைமை மாறிவிட்டது. 2011 செப்டம்பரில் அமெரிக்கக் குடிமகனான அன்வர் அல்-அவ்லாக்கி ஏமனில் ஆளில்லா விமானத் தாக்குதலில் கொல்லப்பட்டார். அதற்கு ஓராண்டுக்கு முன்பே, 2010 ஜூலையில், அப்படிக் கொல்வது சட்டப்படி செல்லும் என்று அமெரிக்க நீதித்துறை அமைச்சகத்தின் சட்ட ஆலோசனை அலுவலகம் விரிவான குறிப்பு ஒன்றை எழுதி வைத்திருந்தது. சர்ச் குழு காலத்தில் இல்லாத காகிதம் இப்போது இருக்கிறது. பட்டியல் தயாரிப்பவர், சட்டக் கருத்து எழுதுபவர், பல்லாயிரம் கிலோமீட்டர் தள்ளியிருந்து பொத்தானை அழுத்துபவர் என்று வேலை பிரிந்துவிட்டது. அவர்களில் எவர் தலைக்குள்ளும் முழு ஆவணம் இல்லை. லட்லமின் கதாநாயகனுக்கு இங்கே வேலை கிடைக்காது, ஓய்வும் கிடைக்காது.

ஒரு நாளிதழும் குடிமை உரிமை அமைப்பு ஒன்றும் தொடுத்த வழக்கில், 2014 ஜூனில் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று அந்தக் குறிப்பை வெளியிட்டது. பல இடங்களில் கறுப்பு மை பூசியிருந்தது. அதை எழுதிய டேவிட் பேரனை யாரும் துரத்தவில்லை. அதற்கு முந்தைய மாதம் செனட்டின் ஒப்புதலோடு அவர் பாஸ்டனில் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிபதியாகியிருந்தார்.

 வணக்கம்.